ஓவசியர் வீட்டுப் பூனை

பிள்ளை, உன் கடிதம் கிடைத்தது. மா மூடை ஏற்றிவந்த லொறிக்காரர் ஒருவர் பாக்கியம் அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கலியாணக் காட் அடிக்கக் கொடுக்க வேண்டும், அப்பாவின் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறாய். அந்த ஒரு வரி மட்டும் வேறு மையில் இருக்கிறது. கேட்காமல் விட்டுவிடலாம் என்று நினைத்துப் பிறகு மனம் கேளாமல் எழுதியிருப்பாய். உன் சின்னம்மாவும் ஒரு துண்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறாள். “அக்கா, காலஞ்சென்ற எண்டு போட்டால் ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம். போடாட்டி, அவர் எங்கை எண்டு மாப்பிள்ளை பகுதி கேப்பினம். யோசிச்சுக் கெதியாச் சொல்லு.” அவள் கெட்ட மனதோடு எழுதவில்லை. என் தங்கச்சி எப்போதும் அப்படித்தான், காயத்தைப் பார்த்தால் உடனே துணி வைத்து மூடிவிட வேண்டும் அவளுக்கு. ஆனால் எனக்குக் கெதியாகச் சொல்ல முடியவில்லை. பதில் எழுத இருந்தும் எழும்பியும் சில நாள் போய்விட்டது.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் நான் உனக்கு அந்தப் பூனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்குப் பூனையைத் தெரியும். அதற்கு நோய் வருத்தம் வந்ததும், நீயும் நானும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு பட்ட பாடும் நினைவிருக்கும். ஆனால் அந்த நாட்களில் என் மனதுக்குள் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லக்கூடிய காரியமாக அது இருக்கவில்லை. இப்போது நீ கலியாணம் செய்யப் போகிறாய். இனி உன் வீட்டிலும் ஒருவர் வெளியே போவார், வருவார். ஆகவே சொல்கிறேன்.

கிளிநொச்சியை விட்டு நாங்கள் ஓடிவந்த தொண்ணூற்றாறாம் வருடம் உனக்கு மறந்திருக்காது. செல் குண்டு விழ விழ, மில்காரரின் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, கண்டாவளையில் ஒரு மரத்தடியில் சில நாள் கிடந்து, கடைசியில் ஒட்டுசுட்டானுக்கு வந்தோம். கண்டாவளையில்தான் என் அண்ணன்மாரின் வயலும் வீடும் இருந்தன. அவர்களின் படலைக்கு முன்னால் பெட்டியை நிறுத்துவோமா என்று உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்கு உடுத்த உடுப்போடு வந்த ஒருவரை நான் கட்டியதை அவர்கள் மன்னிக்கவே இல்லை. எங்கள் கலியாணத்துக்குக் காட் அடிக்கவில்லை, பிள்ளை. அடித்தாலும் வாங்க ஆள் இல்லை. கோயிலில் ஐயர், நாங்கள் இருவர், அப்பா வேலை செய்த மில்லின் ஆட்கள், வீட்டுக்குத் தெரியாமல் சைக்கிள் மிதித்து வந்த உன் சின்னம்மா. அவ்வளவுதான். அன்றைக்கும் உன் அப்பாவின் நகக்கண்ணில் இயந்திர எண்ணெய் இருந்தது. தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன், போகவில்லை என்று வெட்கப்பட்டார்.

ஒட்டுசுட்டானில் எங்களுக்கு வீடு தந்தவர் பாக்கியம் அக்கா. அது அவவின் வீடு அல்ல, பக்கத்து வளவில் தனியே இருந்த ஒரு மனிதரின் வீடு. குளம், வாய்க்கால் வேலைகளைப் பார்த்து ஓய்வு பெற்றவர், ஊரில் எல்லோருக்கும் ஓவசியர். கண் புரை வெட்ட வவுனியாவுக்குப் போனவர், ஆமி பாதையைப் பூட்டியதால் திரும்ப முடியாமல் அங்கேயே நின்றுவிட்டார். திறப்பு பாக்கியம் அக்காவிடம் இருந்தது. நடு விறாந்தையும் குசினியும் எங்களுக்கு. ஒரு அறை மட்டும் பூட்டியபடி. அதன் திறப்பை ஓவசியர் தன்னோடு கொண்டுபோயிருந்தார். அந்த அறைக் கதவுக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு கிழட்டுக் கடுவன் பூனை இருந்தது. நெற்றியில் மூன்று கோடு. பார்த்தவுடன் நீ அதற்குப் பூசாரி என்று பெயர் வைத்தாய். “உவர் போன நாள் தொடக்கம் இதிலதான் இருக்குது. அவரைத்தான் பாத்துக்கொண்டிருக்குது,” என்றா பாக்கியம் அக்கா. கதவின் அடியில் முகத்தை வைத்து அது அசையாமல் இருக்கும். அந்த இருப்பைப் பார்க்க எனக்கு முதல் நாளே என்னவோ செய்தது. விளக்குமாறை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் காலைப் பையவே வைப்பேன், உள்ளே யாரோ படுத்திருப்பதுபோல.

உன் அப்பாவுக்கு அந்த எண்ணமெல்லாம் இல்லை. வந்த அன்றே அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். மீன் கிடைத்தால் தலை அதற்குத்தான். நான் முணுமுணுத்தால், “வாடகை இல்லாம குந்தியிருக்கோம். வீட்டுக்காரருக்குச் சோறு போடாம இருக்கலாமா?” என்பார். அவர் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துத் திருத்தும்போது பூசாரி பக்கத்தில் படுத்திருக்கும். கதவை விட்டு அது எழும்பியது அவருக்கு மட்டும்தான்.

மழைக்கு முன்னால் ஆட்கள் கிளிநொச்சியில் விட்டுவந்த தங்கள் வீடுகளுக்குக் களவாகப் போய்க் கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். ஓவசியர் வீட்டுக் குசினி ஒழுகியது. அப்பாவும் மில்லில் கூட வேலை செய்த இருவரும் சேர்ந்து புறப்பட்டார்கள். நீ அன்று படலையில் நின்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். “அழுவாத பாப்பா. நாலு தகரம் கழட்டிக்கிட்டு வந்துட்டா மழைக்குக் கவல இல்ல. ரெண்டு நாள்ல வந்துர்றேன்,” என்றார். நீ அழவில்லை, கோபமாக இருந்தாய். அவருக்கு அந்த வித்தியாசம் எப்போதும் தெரிவதில்லை. மற்ற இருவரும் திரும்பி வந்தார்கள். போகிற வழியில் ஒரு மதகடியில் செல் விழத் தொடங்கியதாம், மூன்று பேரும் மூன்று பக்கம் பாய்ந்தார்களாம். அடங்கிய பிறகு வந்து பார்த்தால் இவரும் இல்லை, இவருடைய சைக்கிளும் இல்லை. இரத்தம் இல்லை, செருப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. “அக்கா, தேடினனாங்கள், கத்திக் கூப்பிட்டனாங்கள்,” என்று அதில் இளையவன் என் முன்னால் நின்று அழுதான். அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது நினைவிருக்கிறது. சீனி போட்டேனா இல்லையா என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு நான் எங்கெங்கு போய்ப் பதிந்தேன், யார் யாரைக் கேட்டேன் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். நான் உனக்குச் சோறு போட்டேன், நீ தின்றாய். நான் தின்றேனா என்று நீ பார்த்துக்கொண்டிருந்தாய், அதற்காகத் தின்றேன். மழை பிடித்துவிட்டது. குசினி ஒழுகியது. அப்போதுதான் ஒரு நாள், பூசாரியின் சிரட்டையில் முதல் நாள் வைத்த சோறு அப்படியே இருப்பதைக் கண்டேன். எறும்பு மொய்த்திருந்தது. கொட்டிவிட்டுப் புதிதாக வைத்தேன். மணந்து பார்த்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவடிக்குப் போனது. அடுத்த நாளும் அப்படித்தான். கருவாட்டுத் துண்டு வைத்தேன். அதற்கு மேலே முகத்தைக் கொண்டுபோய், வாயைத் திறக்கப் பார்த்து, பிறகு ஏதோ சொல்ல மறந்ததுபோல அப்படியே நின்றது. அதன் உடம்பு சுருங்கிப் போனது. மயிர் நக்காமல் சடை பிடித்தது. முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது.

பாக்கியம் அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னா, “இனி அது தின்னாது, தங்கச்சி. ஓவசியர் செத்துப்போட்டார் போல. பூனைக்குத் தெரியும்.”

“அக்கா, அப்பிடிச் சொல்லாதேங்கோ.”

“நான் சொல்லேல்ல. அது சொல்லுது.”

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கிணற்றடிக்கு வருகிற பெண்கள் எல்லோருக்கும் கதை போனது. வாளியை வைத்துவிட்டு ஒவ்வொருவராக வந்து பூனையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். செத்த வீட்டுக்கு வருவதுபோல வாசலில் கால் தயங்கும். அவர்களில் ஒருத்தி, பெயர் வேண்டாம், இப்போதும் உயிரோடு இருக்கிறா, பூனையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தா. “உன்ர மனுசனோடையும் இது நல்ல ஒட்டுதல் என்ன? ஓவசியரோ, அவரோ. ரெண்டில ஒண்டு,” என்றா. பாக்கியம் அக்கா அவவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனா. ஆனால் சொல் வீட்டுக்குள் வந்துவிட்டது. அன்று தொடக்கம் நான் அந்தப் பூனையைப் பார்த்தால் அது என்னைப் பார்த்தது. நான் குசினிக்குப் போனால் அதன் கண் வந்தது. அதற்கு ஏதோ தெரியும், என்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறது என்று தோன்றத் தொடங்கியது.

அது தின்றுவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. செத்துவிட்டால் இருவரில் ஒருவர் இல்லை. என் புத்தி அப்படி வேலை செய்தது, பிள்ளை. நான் பள்ளிக்கூடம் போனவள், அப்படியெல்லாம் இல்லை என்று தெரியும். தெரிந்து என்ன? சோற்றைக் குழைத்துப் பார்த்தேன், பாலைத் தொட்டு அதன் உதட்டில் வைத்தேன், நெத்தலிக் கருவாட்டை அவித்து அந்தத் தண்ணீரை இளம் சூட்டில் வைத்தேன். சூடாக இருந்தால் மணம் எழும்பும், மணம் பட்டால் ஆசை வரும் என்று எண்ணினேன். கடைசியில் உன் பேனாவுக்கு மை விடும் பில்லரைக் கழுவி எடுத்து, அப்பாவின் பழைய சாரத்தில் பூனையைக் குழந்தையைப்போலச் சுற்றி, கடைவாய்ப் பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விட்டேன். நேரே விட்டால் புரைக்கேறும். நீதான் பிடித்திருந்தாய். சில சொட்டு விழுங்கும், பல சொட்டு கழுத்தால் வழியும். “அம்மா, தலையை ஆட்டுது, அம்மா, போதும்,” என்பாய். நான் விடமாட்டேன். உனக்கு அப்போது என்னைப் பார்க்கப் பயமாக இருந்ததாக நீ பிறகு ஒருமுறை சொன்னாய். ஏன் என்று எனக்குத் தெரியும். நான் அப்போது பூனையோடு கதைக்கவில்லை. அதன் வாயிலிருந்து ஒரு சொல்லைத் திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒன்று. இதை எழுதத்தான் இத்தனை நாள் சுணங்கியது. பூனை தேறவில்லை என்று கண்டபோது என் வேண்டுதல் மாறிவிட்டது. குளிக்கப் போகும்போது, நெல்லைப் புடைக்கும்போது, என்னை அறியாமல் வாய் சொல்லிக்கொண்டிருக்கும். ரெண்டில் ஒன்று என்றால் அது ஓவசியராக இருக்கட்டும், அம்மாளாச்சி, ஓவசியராக இருக்கட்டும். முகம் கூடத் தெரியாத ஒரு மனிதர். அவருடைய கூரையின் கீழ் படுத்து, அவருடைய கிணற்றில் தண்ணீர் அள்ளி, அவருடைய சாவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். விளக்குக் கொளுத்திவிட்டுக்கூடக் கேட்டேன்.

பிறகு ஒரு மழைப் பகல். நான் பில்லரை வாய்க்குள் வைக்கப் போக, பூசாரி கொட்டாவி விட்டது. அதிலிருந்து வந்த நாற்றம் என் முகத்தில் அடித்தது. செத்த எலியின் நாற்றம். உன்னை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். மேலே ஒரு வேட்டைப்பல் கறுத்து, அதன் அடியில் முரசு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. தொட்டால் பல் ஆடியது. இவ்வளவு நாளும் அதன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்த நான் ஒரு நாள்கூட வாயைத் திறந்து பார்க்கவில்லை.

அப்பாவின் சைக்கிள் திருத்தும் ஆயுதப் பையை அவர் போன பிறகு நான் திறக்கவில்லை. அன்று திறந்தேன். சின்னக் குறடு எண்ணெய்ச் சீலையில் சுற்றி இருந்தது. கொதிதண்ணீரில் போட்டு எடுத்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாய், நான் இழுத்தேன். உனக்கு நினைவிருக்கும், அது கத்திய கத்தலுக்குப் பாக்கியம் அக்கா வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடிவந்தா. என் முழங்கையில் அது கிழித்த கீறல் இன்னும் இருக்கிறது. பல் குறட்டில் வந்துவிட்டது. உப்புத் தண்ணீரால் வாயைக் கழுவிவிட்டோம். சாரத்திலிருந்து விட்டதும் ஓடிப்போய்க் கட்டிலுக்குக் கீழே பதுங்கியது. பல்லைப் பாக்கியம் அக்காவின் கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தா. “பல்லோ! அறுவான், பல்லுக்கோ இவ்வளவு கூத்தும்?” என்றா. நான் சிரிக்கத் தொடங்கினேன். அவவும் சிரித்தா. எனக்கு நிற்பாட்ட முடியவில்லை. நீ எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

சில நாள் பில்லரால்தான் கொடுத்தோம். பிறகு ஒரு காலையில் நான் சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்துக்குப் பூசாரி எழும்பி, கால் பின்ன நடந்துவந்து, துருவலைக்கு அடியில் சிந்தியிருந்த தேங்காய்ப்பூவை நக்கியது. நக்கியது மட்டுமில்லை, தின்றது. நான் கையை எடுக்காமல் அப்படியே இருந்தேன். அன்று மத்தியானம் நான் உன்னைவிடக் கூடச் சோறு தின்றேன் என்று நீ சொன்னாய். பூனை தின்கிறது, அது வெறும் பல்வலி, யாருக்கும் ஒன்றும் இல்லை. அதன் பிறகு வந்த வாரங்கள்தான் அந்த வருடத்தில் நான் ஓரளவு நித்திரை கொண்ட நாட்கள்.

பிள்ளை, கலியாணம் செய்யப் போகிறவளுக்கு ஒரு தாய் சொல்லவேண்டிய புத்தி என்று எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் இதைச் சொல்வேன். உன்னைக் கட்டப்போகிற பிள்ளை ஒரு நாள் சாப்பிடாமல் எழும்பிப் போனால், உன்மேல் கோபம், உன் சமையல் பிடிக்கவில்லை, மனதில் வேறு ஏதோ இருக்கிறது என்று நீயாக ஒரு கதை கட்டாதே. பல் வலிக்குதா என்று முதலில் கேள். உன் அப்பாவோடு நான் கோபித்துக்கொண்டு கதைக்காமல் இருந்த நாட்களில் பாதி, அவருக்கு வயிற்றுக்குள் ஏதோ சரியில்லாத நாட்கள். அவர் சொல்லமாட்டார், நான் கேட்கமாட்டேன். கேட்டிருக்கலாம்.

தைப்பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில், யாரோ ஒருவரின் சைக்கிள் பின்கரியரில் இருந்து ஒரு மனிதர் படலையில் இறங்கினார். வெள்ளைச் சேட், கறுத்தக் கண்ணாடி, கையில் ஒரு துணிப்பை. நீ பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாய், ஆகவே இதை நீ காணவில்லை. யார் என்று நான் கேட்கவில்லை. அவர் படலைக் கொளுக்கியைப் பார்க்காமலே கழற்றிய விதத்தில் தெரிந்துவிட்டது. வாங்கோ என்று சொல்ல வேண்டியவள் நான், என் வாயில் வந்தது வேறு.

“நீங்கள் உயிரோடயா?”

அவர் சிரித்தார். “ஓம் பிள்ளை. ஒரு கண் பார்வைதான் போயிட்டுது, ஆள் இருக்கிறன்.”

நான் குசினிக்குள் ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தேன். பல்லைக் குறட்டால் பிடுங்கியவள் நான். அதை அடுப்புக்குப் பின்னால் ஒரு தகர டப்பாவில் போட்டும் வைத்திருந்தேன். இருந்தும் எனக்குள் ஒன்று சொல்லியது, ஓவசியர் இருக்கிறார், அப்படியானால் மற்றவர். பாக்கியம் அக்கா ஓடிவந்து ஓவசியரை வரவேற்றா, அவரோடு கதைத்தா, சிரித்தா. என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அன்று மட்டுமில்லை, பல நாள் பார்க்கவில்லை. அவவுக்குள்ளும் அதே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

ஓவசியர் ஐயா திறப்பை எடுத்து அந்த அறையைத் திறந்தார். பூசாரி அவருடைய காலைச் சுற்றவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கதவு திறந்த இடுக்கால் பாய்ந்து உள்ளே போனது. உள்ளே நாலைந்து நெல் மூட்டை, எல்லாம் எலி அரித்துக் கொட்டியிருந்தது. ஒரு நிமிடத்தில் வாயில் எலியோடு வெளியே வந்தது. அது அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது என்று நாங்கள் சொன்னதைக் கேட்டு அவர் அடக்க முடியாமல் சிரித்தார். “எனக்காகவோ? உந்தப் பூனையோ? எலிக்குக் காவல் இருந்திருக்குது, பிள்ளை.”

எங்களைப் போகச் சொல்லாமல், விறாந்தையில் நீங்கள் இருங்கோ, எனக்கு அறை போதும் என்றார். ஒரு வருடத்துக்கு மேல் ஒரே அடுப்பில் சாப்பிட்டோம். உனக்குக் கணக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். பாதைக்கு அந்தப் பக்கம் உன்னைச் சின்னம்மாவிடம் அனுப்பலாம் என்று சொன்னவரும் அவர்தான். நீ போன பிறகு ஒரு நாள் அவருக்குச் சோறு போட்டுவிட்டு, என்னால் தாங்க முடியாமல், நான் வேண்டியதை அவரிடமே சொன்னேன். நீங்கள் சாகவேண்டும் என்று கேட்டேன் ஐயா என்றேன். அவர் பிசைந்த கையை நிறுத்தினார். “நான் எண்டாலும் அப்பிடித்தான் கேட்டிருப்பன்,” என்றார். பிறகு, “கொஞ்சம் ரசம் விடு,” என்றார். அவ்வளவுதான். அந்தக் கதையை நாங்கள் பிறகு எடுக்கவில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருடம் அவர் காய்ச்சலில் படுத்தார். அவர் மோசம் போய்விட்டார் என்று மட்டும் உனக்கு எழுதினேன், மற்றதை எழுதவில்லை. விடியும்போது உயிர் போனது. மருந்து கிடைத்திருந்தால் தப்பியிருப்பார் என்று சிலர் சொன்னார்கள், எனக்குத் தெரியாது. சொந்தம் என்று வர ஒருவரும் இல்லை. பாக்கியம் அக்காவும் நானும்தான் குளிப்பாட்ட ஆள் பிடித்து, துணி கிழித்து, எல்லாம் செய்தோம். விறாந்தையில் அவரைக் கிடத்தியிருந்தது. ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எனக்குப் பூனையின் நினைவு வந்தது. அது எங்கே, என்ன செய்கிறது என்று பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. குசினிக்குள் போனேன். அடுப்பு எரியாத குசினியில் பூசாரி தன் சிரட்டைக்கு முன்னால் இருந்து என்னைப் பார்த்துக் கத்தியது. பசிக் கத்தல். பக்கத்து வீட்டார் எங்களுக்குக் கொண்டுவந்து வைத்த சோற்றில் ஒரு பிடி எடுத்து வைத்தேன். தின்றது. முழுவதும் தின்றது. சிரட்டையை நக்கியது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஓவசியர் ஐயா வழக்கமாக இருக்கும் கதிரையில் ஏறிச் சுருண்டு படுத்தது. ஊர் முழுக்க அழுதுகொண்டிருக்க, அது அடிவயிறு ஏறி இறங்க நித்திரை கொண்டது.

நான் அதன் முன்னால் நிலத்தில் இருந்துவிட்டேன். அதற்கு ஒன்றும் தெரியாது. ஒருநாளும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அதன் கண்ணுக்குள் நான் கண்டதெல்லாம் என் கண்தான். எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இல்லையா? இருக்கவில்லை, பிள்ளை. இரண்டு வருடமாக அந்தப் பூனையை நான் வெறுத்தேன், பயந்தேன், ஆனால் எங்கோ ஒரு உயிருக்கு உன் அப்பாவைப் பற்றித் தெரிந்திருக்கிறது என்று நம்பிக்கொண்டும் இருந்தேன். அன்றோடு அதுவும் போனது. இனி எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. அன்று நான் அழுததை ஆட்கள் ஓவசியருக்காக என்று நினைத்தார்கள். அவருக்காகவும்தான்.

அந்த வருடக் கடைசியில் ஒட்டுசுட்டானை விட்டும் ஓட வேண்டி வந்தது. கூடையோடு நின்று கூப்பிட்டேன், பூசாரி வரவில்லை. திரும்பி வந்தபோது வீட்டின் ஒரு பக்கச் சுவர் இருந்தது, பாக்கியம் அக்கா இருந்தா, பூனை இல்லை. அதற்கு என்ன ஆனது என்றும் எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

இனி உன் கேள்வி. பெயரை மட்டும் போடச் சொல்லு. முன்னால் ஒன்றும் வேண்டாம். அவர் எங்கே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், தகரம் எடுக்கப் போனவர், இன்னும் வரவில்லை என்று சொல்லு. அது பொய் இல்லை. தாரை வார்த்துக் கொடுக்கச் சின்னம்மாவும் சித்தப்பாவும் நிற்கட்டும், எனக்கு அதில் மனக்குறை இல்லை. ஆனால் நான் பொட்டு வைத்துக்கொண்டு, கழுத்தில் மஞ்சள் கயிற்றோடுதான் வருவேன். பாதை தாண்டி வரப் பாஸ் கிடைத்துவிடும் போல இருக்கிறது. மண்டபத்தில் என்னைப் பின்னால் இருத்தப் பார்த்தால் நான் இருக்கமாட்டேன் என்று சின்னம்மாவிடம் இப்போதே சொல்லிவை. அவள் சண்டை பிடிப்பாள், பிடிக்கட்டும். அன்றைக்குச் சைக்கிள் மிதித்து வந்தவள் அவள்தானே, கடைசியில் என் பக்கம்தான் நிற்பாள்.

“அம்மா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அப்பா இருக்கிறாரா இல்லையா” என்று நீ என்னை ஒருநாளும் கேட்டதில்லை. நான் சொல்லட்டுமா? விடிந்து எழும்பும்போது அவர் இருக்கிறார். முற்றம் கூட்டும்போதும் அடுப்பு மூட்டும்போதும் இருக்கிறார். எங்கோ ஒரு ஊரில் யாரோ ஒருவரின் இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு, முழங்கை வரை எண்ணெயோடு, வர வழி தெரியாமல் இருக்கிறார். வெயில் ஏற ஏற எனக்கு அவருடைய முகம் மங்கும். விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் இல்லை. அடுத்த நாள் விடியும்போது திரும்பவும் இருக்கிறார். இந்த ஐந்து வருடமும் எனக்கு அப்படித்தான் போகிறது.

முகூர்த்தம் காலையில் என்று சின்னம்மா எழுதியிருக்கிறாள். நல்ல நேரம்தான் பார்த்திருக்கிறீர்கள்.

அம்மா